சுடவல்லது அலங்காரமாகுமா?

பழைய சுழல் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பது பித்தர் தொழில் என்பர் சிலர். நாம் அங்ஙனம் கருதவில்லை. 1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நிகழ்ந்த பெருங் கண்காட்சியில் அமெரிக்கரான கொல்ற் தமது துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்தார். அவற்றைச் சுடுவோன் ஒவ்வொரு வேட்டுக்கும் சுத்தியலைப் பெருவிரலாற் பின்னிழுத்தல் வேண்டும். ஆங்கிலேயரான றொபேட் அடம்ஸ், விசையை இழுத்த மாத்திரத்தே சுத்தியல் தானே எழுந்து விழும் அமைப்பை அதே கண்காட்சியில் வைத்தார். சில ஆண்டுகளுக்குள் பியூமொன்ற் என்னும் படை அதிகாரி இவ்விரு முறைகளையும் ஒரே கருவியில் இணைத்தார். இரட்டை இயக்கம் என்பது இதுவே. விரலின் ஓரிழுப்பில் உருளை சுழல்கின்றது. அடுத்த அறை குழாய்க்கு நேரே வந்து நிற்கின்றது. சுத்தியல் எழுந்து விழுகின்றது. இத்தகைய கைத்திறனைப் போற்றிக் காப்பது அறிவுடையோர் செயலே.

ஆயின், எமது வழக்கு யாரோடு? இக்கருவியை அலங்காரப் பொருள் என்று கூறிச் சட்டத்தின் கண்ணில் மண் தூவ விழைவோரோடுதான்.

பிரித்தானியாவின் 1968ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, விந்தைப் பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் பழங்காலச் சுடுகலனுக்கு விலக்களிக்கின்றது. அனுமதிப்பத்திரமும் வேண்டா, பதிவும் வேண்டா. வழக்கொழிந்த அளவினதான ரவையை ஏற்பதெனின், அத்துப்பாக்கி செத்த பாம்பு என்பதே இவ்விலக்கின் அடிப்படை.

செத்த பாம்பு தீண்டியதே! அரசு 2021ஆம் ஆண்டில் ஏழு ரவை வகைகளை அவ்விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவற்றை ஏற்கும் பழந்துப்பாக்கிகள் குற்றவாளிகளின் கைகளில் அகப்பட்டமையே காரணம். கடையில் விற்கப்படாத ரவையைக் கள்ளமாகச் செய்துகொள்ள அவர்கள் அறிந்திருந்தனர். 1868ஆம் ஆண்டில் ஐரிஷ் பொலிஸ் படைக்கெனத் தெரிவான வெப்லியின் .442 ரவையும், 1873ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படைத் துப்பாக்கியின் 11 மில்லிமீற்றர் ரவையும் அவ்வேழனுள் அடங்கும். இரண்டும் சேர்ப்போர் மெச்சும் இரட்டை இயக்கத் துப்பாக்கிகள்! ஏனைய பல ரவைகளோ இன்றும் பட்டியலிலேயே உள்ளன.

சேர்ப்போரை நாம் கேட்கின்றோம்: நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் விசை பழுதின்றி இயங்குகின்றது என்று விலை கூறுவதும் நீங்களே, சட்டத்தின் முன் அது வெறும் அலங்காரம் என்று வாதிடுவதும் நீங்களே. ஒரே வாயால் இரண்டு சாட்சியம் கூறலாமா?

"குற்றவாளி செய்த பிழைக்கு எம்மைத் தண்டிப்பதா?" என்பர். பதிவு தண்டனை அன்று. ஒரு பரப்புக் காணி கைமாறினாலும் நாம் உறுதி முடித்துப் பதிவு செய்கின்றோம். காணி எவரையும் கொல்வதில்லை.

"அனுமதிப்பத்திரம் டன்பிளேனைக் காத்ததா?" என்றும் வினவுவர். காக்கவில்லை. 1996ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் அந்த ஸ்கொத்லாந்து ஊரின் பள்ளியில் 16 குழந்தைகளையும் அவர்தம் ஆசிரியையையும் கொன்றவன், அனுமதி பெற்ற கைத்துப்பாக்கிகளையே ஏந்தி வந்தான். அவற்றுள் இரண்டு சுழல் துப்பாக்கிகள். இதனாற் பெறப்படுவது யாது? அனுமதி வழங்குவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதேயன்றி, அனுமதியே வேண்டா என்பதன்று. பதிவில்லாத துப்பாக்கி எங்குள்ளது என்பதையே பொலிஸார் அறியார். அறியாததை எங்ஙனம் காப்பர்?

அத்துயரின் பின் எழுந்த 1997ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் சேர்ப்போரை முற்றாக ஒதுக்கிவிடவில்லை. அதன் 7ஆம் பிரிவின்படி, 1919க்கு முன் செய்யப்பட்ட, ரவை எளிதிற் கிடைக்காத கைத்துப்பாக்கியை அனுமதி பெற்று வீட்டில் வைத்திருக்கலாம். அருமையும் அழகும் தொழில்நுட்பச் சிறப்பும் வரலாற்றுப் பெருமையும் உடையவற்றைக் குறித்த இடங்களிற் பேணலாம். பொருளும் அழியவில்லை, பொறுப்பும் அழியவில்லை. நேர்மையான வழி இதுவே.

ரவை ஏற்றிச் சுடவல்ல பழஞ்சுழல் துப்பாக்கி ஒவ்வொன்றும் இவ்வழிக்குள் வருதல் வேண்டும். உருக்கி அழிக்குமாறு நாம் கூறவில்லை. ஒளித்து வைக்கவும் இடமளியோம். இதனை முதலிற் கோரவேண்டியவர்கள் சேர்ப்போரே. துப்பாக்கியைத் துப்பாக்கி என்று ஒப்புக்கொள்ள அஞ்சுபவன், அதன் அருமையை அறிந்தவனாகான்.