அருவிக்கு ஒருவரின் பெயர்

ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்வோர் பேக்கர் அருவியைப் பார்க்காமல் திரும்புவது அரிது. அப்பெயருக்குரியவர் சேர் சாமுவேல் பேக்கர். 1846இல் வேட்டைக்காக இலங்கை வந்த அவர், காய்ச்சலால் நலிந்து நுவரெலியாவின் குளிரில் உடல் தேறினார். அங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்கத் துணிந்தார். 1848இல் மனைவி ஹென்றியற்றா, பிள்ளைகள், கொல்லர், பண்ணையாட்கள், கால்நடைகள், வேட்டை நாய்கள் சகிதம் குடியேறினார். யானை வேட்டையை நூலாக எழுதிப் புகழும் பெற்றார்.

1855இல் குடும்பம் நாடு திரும்பியது. அவ்வாண்டு முடிவதற்குள் ஹென்றியற்றா காய்ச்சலுக்குப் பலியானார். தாயை இழந்த நான்கு பெண் பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு பேக்கரின் மணமாகாத சகோதரி மேரியிடம் சேர்ந்தது. தந்தையோ மீண்டும் பயணம் புறப்பட்டார்.

1859இல், ஒட்டோமன் ஆட்சியிலிருந்த விடின் நகரின் அடிமைச் சந்தையிலிருந்து புளோரன்ஸ் என்ற இளம்பெண்ணை மீட்டார். பின்னர் அவரது மனைவியான புளோரன்ஸ், ஆபிரிக்கப் பயணத்தின் இன்னல்கள் அனைத்தையும் உடனிருந்து தாங்கினார். 1864இல் அல்பேர்ட் ஏரியை இருவரும் சேர்ந்தே அடைந்தனர். 1866இல் சேர் பட்டம் கணவருக்குக் கிடைத்தது. மனைவியையோ விக்டோரியா மகாராணி அரசவையில் ஏற்க மறுத்தார்.

பேக்கரின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையில் பெரும்பகுதியைச் செலுத்தியவர்கள் இரு மனைவியரும், ஒரு சகோதரியும், நான்கு சிறுமியரும், நம் காட்டு யானைகளுமே. அருவியின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. அதன் முன் நின்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது, இவர்களையும் சேர்த்துச் சொல்வோம்.