ஆலிவ் வாங்கலாம்... அலட்சியம் வேண்டாம்!

"ஆலிவ் ஆயில் சேர்த்துக்கிட்டா குடல்ல புற்றுநோயே வராதாமே?" இந்தக் கேள்வி இப்போது பெருநகரத்து அடுக்குமாடிகளோடு நிற்பதில்லை. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற பக்கம் உள்ள நார்த்தாமலை மாதிரி ஊர்களிலும் கேட்கிறார்கள். கடலை விளைகிற சீமை அது. அங்கே ஒரு குடும்பம் கடலெண்ணெயை ஒதுக்கிவிட்டு, பல மடங்கு விலை கொடுத்து ஆலிவ் வாங்கத்தான் வேண்டுமா?

முதலில் ஆலிவுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். தாவரக் குடும்பத்தில் அது நம் மல்லிகைக்குச் சொந்தம்! மரத்திலிருந்து பறித்த காயை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கசப்பு. காரணம், ஒலியூரோபின் என்ற பொருள். நல்ல ஆலிவ் எண்ணெயை ருசித்தால் தொண்டையில் சுருக்கென்று ஒரு காரம் தெரியும். அது ஒலியோகாந்தல். வலி மாத்திரையான இபுபுரூஃபன் மாதிரியே இதுவும் அழற்சியைத் தணிக்கிறது என்று 2005-ல் கண்டறிந்தார்கள். பழத்தோலில் மாஸ்லினிக் அமிலம் இருக்கிறது. 2006-ல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குடல் புற்றுநோய் செல்களில் ஆலிவ் பழச்சாற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். செல்கள் பெருகுவது குறைந்தது. பல செல்கள் தாமாகவே அழிந்தன.

சந்தோஷமான சேதிதான். ஆனால் ஆய்வுக்கூடத் தட்டு வேறு, நம் வயிறு வேறு. ஆலிவ் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வராது என்று மனிதர்களிடம் இன்னும் நிரூபணமாகவில்லை. மேலும், இந்தப் பொருட்கள் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' ரகத்தில்தான் அதிகம். 'பொமேஸ்', 'லைட்' என்று விற்கிற சுத்திகரித்த ரகங்களில் பெரும்பகுதி போய்விடும். ஆலிவின் முக்கியக் கொழுப்பான ஒலியிக் அமிலமோ, நம் கடலெண்ணெயிலும் கணிசமாக உண்டு. பாட்டிலில் உப்புநீரில் ஊறும் ஆலிவ் காய்களா? பி.பி. உள்ளவர்கள் ஜாக்கிரதை!

சரி, எதை நம்பலாம்? கீரை, காய்கறி, பயறு, கம்பு, கேழ்வரகு என்று நார்ச்சத்துள்ள சாப்பாடு. தினமும் நடை. எடையில் கட்டுப்பாடு. மதுவும் புகையும் கூடாது. 'சாஸேஜ்' போன்ற பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது, அதைக் குறையுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான பாடம் ஒன்று புதுக்கோட்டைக்காரர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1886-ல் அங்கே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருந்தார்கள். அந்த வேதனைதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

இன்றைக்கும் என்ன நடக்கிறது? மலத்தில் ரத்தம் வந்தால், "மூலம்தான், சூடு" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். வீட்டுப் பெண்கள் கூச்சத்தில் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. ரத்தம், திடீரென்று மாறிய மலப்பழக்கம், காரணமில்லாத ரத்தசோகை, எடை குறைவது... இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் சாதாரண விஷயமாகவே இருக்கும். ஆனால் அதை அவர் சொல்லட்டும்.

குடலில் முளைக்கும் சிறு கட்டிகள் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருஷம்கூட ஆகும். கொலனோஸ்கோபியில் பார்த்து அப்போதே அகற்றிவிட்டால், வரவிருந்த நோயே தடுக்கப்படுகிறது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் அதற்கு முன்பே மற்றவர்களும், பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஆலிவ் ருசி பிடித்திருக்கிறதா, வசதியும் இருக்கிறதா? தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால், "அதான் ஆலிவ் சாப்பிடுறோமே" என்று உடம்பு தருகிற எச்சரிக்கையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்!