டாக்டரிடம் கடைசியில் சொல்லும் விஷயம்



இந்த வாரப் பகுதியை நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து நாலு பேர் காதில் விழும்படி படிக்கப் போவதில்லை. சமையலறைக்கு எடுத்துப் போய், பால் காயும் நேரத்தில் படிப்பீர்கள். பால் பொங்கி வழிந்தாலும் பாதகமில்லை; முழுவதையும் படித்து விடுங்கள்.

மாதவிலக்கு நின்று போன பிறகு பெண்ணின் பிறப்புறுப்பில் ஏற்படும் வறட்சியைப் பற்றியும், அதனால் தாம்பத்திய உறவில் உண்டாகும் வலியைப் பற்றியும் எழுதுகிறேன். "இதையெல்லாமா பத்திரிகையில் எழுதுவார்கள்?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எழுதாமல் இருந்ததால் யாருக்கு என்ன லாபம் வந்து விட்டது?

லேடி டாக்டரிடம் போகிறோம். முழங்கால் வலியைச் சொல்கிறோம். தூக்கம் வராததைச் சொல்கிறோம். ரத்த அழுத்தம், கால் வீக்கம், மருமகளின் குணம், எல்லாம் சொல்லியாகிறது. மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்து, எழுந்து, கதவருகில் போன பிறகு, "அப்புறம், டாக்டர்... இன்னொரு விஷயம்..." என்று ஆரம்பிக்கிறோம். அதற்குள் அடுத்த நம்பர்க்காரி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து விடுகிறாள். "ஒன்றுமில்லை, அடுத்த தடவை சொல்கிறேன்" என்று திரும்பி விடுகிறோம். அந்த அடுத்த தடவை பல பெண்களுக்கு வருவதே இல்லை.

முதலில் இது ஏன் வருகிறது என்று பார்ப்போம். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் விலக்கு நின்று விடுகிறது. மேல் நாட்டுப் பெண்களுக்கு 51 வயது ஆகிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்று விட்டது என்று கணக்கு. சினைப்பைகள் சுரந்து கொண்டிருந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அப்போது மிகவும் குறைந்து விடுகிறது. யோனியின் உட்சுவரைத் தடிப்பாகவும் மெத்தென்றும் ஈரமாகவும் வைத்திருந்தது அந்த ஹார்மோன்தான். அது குறைந்ததும் சுவர் மெலிகிறது. ரத்த ஓட்டம் குறைகிறது. முன்போல் நெகிழ்ந்து கொடுப்பதில்லை. மெல்லிய தோலில் உராய்வு பட்டால் எரியாமல் என்ன செய்யும்?

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. யோனியில் இயற்கையாகவே குடியிருக்கும் சில நல்ல கிருமிகள், தயிரைப் புளிக்க வைக்கும் கிருமிகளுக்கு நெருங்கிய சொந்தம். அவை அந்த இடத்தை எப்போதும் லேசான புளிப்பாக வைத்திருந்து, கெட்ட கிருமிகளை அண்ட விடாமல் காவல் காக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அவற்றுக்கு ஆகாரம் குறைகிறது; காவலும் தளர்ந்து விடுகிறது. 50 வயதுக்கு மேல் அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். நாமோ "உடம்புச் சூடு" என்று இளநீரும் மோரும் வெந்தயமும் சாப்பிட்டுக் கொண்டிருக்கிறோம். சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் இது சூட்டினால் வந்ததல்ல. (தயிரின் சொந்தம் என்று சொன்னேனே என்பதற்காகத் தயிரை அங்கே தடவிக் கொள்ள வேண்டாம்!)

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் ஆபரேஷன் செய்து எடுத்து விட்டவர்களுக்கு இதெல்லாம் 35 வயதிலேயே, அதுவும் திடீரென்று வந்து விடும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் இளம் தாய்க்கும் கொஞ்ச காலம் இதே வறட்சி வரலாம். பால் மறந்ததும் அவளுக்குச் சரியாகி விடும்.

நமக்கு அப்படித் தானாகச் சரியாகாது. இந்தப் பருவத்தில் வரும் குபீரென்ற உடம்புச் சூடும் வியர்வையும் சில வருஷங்களில் பெரும்பாலும் தணிந்து விடுகின்றன. வறட்சி அந்த ரகமல்ல. கவனிக்காமல் விட்டால் வருஷத்துக்கு வருஷம் ஜாஸ்தியாகும். "பல்லைக் கடித்துக் கொண்டு இருந்தால் போய் விடும்" என்று நினைக்கும் சகோதரிகள் இதை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பல்லைக் கடிப்பதால் என்ன ஆகிறது தெரியுமா? ஒரு முறை வலிக்கிறது. அடுத்த முறை வலிக்குமோ என்ற பயத்திலேயே அந்தப் பகுதித் தசைகள் நம்மை அறியாமல் இறுகிக் கொள்கின்றன. அதனால் இன்னும் அதிகமாக வலிக்கிறது. பிறகு சாக்குத் தேட ஆரம்பிக்கிறோம். தலைவலி, ஏகாதசி, பேரனுக்கு இருமல். கடைசியில் "குழந்தை தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான்" என்று சொல்லி, பேரனோடு கூடத்தில் பாயைப் போட்டு விடுகிறோம். உள்ளே படுத்திருக்கும் மனிதர் என்ன நினைக்கிறார்? "இவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய் விட்டது" என்று நினைக்கிறார். இவளோ, "இந்த வயதில் இவருக்கு வேறு நினைப்பே கிடையாதா?" என்று குமுறுகிறாள். எண்ணெய் இல்லாத கீல் கிறீச்சிடுவதைக் கேட்டு, கதவே உளுத்து விட்டது என்று இரண்டு பேரும் முடிவு கட்டியது போலத்தான். முப்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள், ஒரு வாக்கியம் பேசாததால் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள்.

அந்த வாக்கியத்தை நானே எழுதித் தருகிறேன். "எனக்கு உங்கள் மேல் வெறுப்பு இல்லை. விலக்கு நின்றதிலிருந்து அங்கே உலர்ந்து போய் வலிக்கிறது. இதற்கு வைத்தியம் இருக்கிறதாம்." இவ்வளவுதான். விளக்கை அணைத்த பிறகு சொன்னாலும் சரி, காலையில் காபி கொடுக்கும்போது சொன்னாலும் சரி.

வைத்தியம் கஷ்டமானதல்ல. லேசான வறட்சிக்கு மருந்துக் கடையில் லூப்ரிகன்ட் ஜெல் என்று கேட்டு வாங்கலாம். தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, சிலிகோனை அடிப்படையாகக் கொண்டது என்று இரண்டு வகை உண்டு. வாசனையும் "சூடேற்றும்" சரக்கும் சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். உறவின்போது இருவருமே தடவிக் கொள்ளலாம். கடைக்காரப் பையன் என்ன நினைப்பானோ என்று கூச்சமாக இருந்தால் கணவரை அனுப்புங்கள். கறிகாய் வாங்கப் போகிறவர் இதையும் வாங்கி வரட்டுமே! பகலெல்லாம் எரிச்சல் இருந்தால், மாய்ஸ்சரைசர் என்று வேறொரு ஜெல் இருக்கிறது. உறவு உண்டோ இல்லையோ, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை தவறாமல் உபயோகிக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்பது பலருக்கும் உள்ள சந்தேகம். பலர் தடவிக் கொள்கிறார்கள். சுத்தமான எண்ணெய் அனேகருக்கு ஒத்துப் போகிறது. ஆனால் எந்த எண்ணெயானாலும் ரப்பர் உறையை இற்றுப் போகச் செய்து கிழித்து விடும். விலக்கு தட்டுத் தடுமாறி வந்து கொண்டிருக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு அடியோடு போய் விடுவதில்லை என்பதால், உறை உபயோகிப்பவர்கள் எண்ணெய்ப் பக்கம் போக வேண்டாம். வாசனைத் தைலமும் வாசலினும் யாருக்குமே வேண்டாம். சோப்பும் டெட்டாலும் போட்டு உள்ளே கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் போதும்.

ஜெல்லினால் தீராவிட்டால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. டாக்டர் சீட்டு வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் தினம் இரவில் உள்ளே வைத்து, பிறகு வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைப்பது வழக்கம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் தூக்கி எறிந்து விடாதீர்கள். அடிக்கடி வரும் நீர்க்கடுப்பையும் அது குறைக்கிறது. "ஹார்மோன் என்றால் புற்றுநோய் வருமாமே?" என்ற பயம், 2002-ல் அமெரிக்காவில் இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரையைப் பற்றி வந்த ஆராய்ச்சியால் பரவியது. விழுங்கும் மாத்திரை வேறு, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சமாக வைக்கும் களிம்பு வேறு. களிம்பிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு. இரண்டுக்கும் ஒரே மாதிரி அச்சிடப்பட்டு வந்த பெரிய எச்சரிக்கையை நீக்கப் போவதாக 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகமே அறிவித்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், அந்த டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

பெரிய நகரங்களில் "லேசர் போட்டால் இளமை திரும்பும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். 2018-லேயே அதே அமெரிக்க நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. 2021-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சியில், நிஜ லேசருக்கும் வெறுமனே காட்டிய பொய் லேசருக்கும் ஒரு வருஷம் கழித்துக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. பணத்தைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியைத் திருட்டுத்தனமாகப் படிக்கும் கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1998 முதல் உங்களுக்கென்று ஒரு மாத்திரை இருக்கிறது. நீங்கள் மட்டும் வைத்தியம் செய்து கொண்டு, மனைவியின் வலியைக் கேட்காமல் இருந்தால் அது என்ன நியாயம்? இந்த வயதில் அவள் உடம்பு தயாராக முன்னைவிட நேரம் பிடிக்கும். நிதானம் வேண்டும். வலிக்கிறது என்றால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். களிம்பு பலன் தரும் வரை அணைத்துப் படுப்பதோடு இருந்து விட்டால் குடி முழுகிப் போகாது.

இருவருமே போதும் என்று திருப்தியாக இருந்தால் அதுவும் சரிதான். யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. ஆனால் எரிச்சலும் நீர்க்கடுப்பும் கணவரை இழந்தவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் உண்டு. "எனக்கு எதற்கு?" என்று அவர்கள் இருந்து விடக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது முழங்காலை அப்புறம் சொல்லலாம்; இதை முதலில் சொல்லுங்கள். வாய் வரவில்லையானால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டு போய் நீட்டுங்கள். விலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வறட்சியால்தான் என்று நீங்களே தீர்மானித்து விடாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் சிலருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமே அதுதான். அதற்கு மட்டும் அடுத்த தடவை என்று தள்ளிப் போடாமல், அந்த வாரமே போய்க் காட்டி விடுங்கள்.