ஓரமா நின்னு டீ குடிக்கவா சென்னைக்குப் போறீங்க? சங்கரன்கோவில் இளைஞர்களுக்கு நெட்வொர்க்கிங் ஏன் முக்கியம்?

சென்னையில் சனிக்கிழமை காலை ஒரு ஐ.டி. மீட்அப். வேளச்சேரிக்காரர் காலையில் கிளம்பினால் போதும். சங்கரன்கோவில்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். போக வர டிக்கெட், சாப்பாடு, ஒரு நாள் லீவு எல்லாமே கைக்காசு.

இவ்வளவு செலவு செய்து போனவர், அரங்கத்தில் ஓரமா நின்னு டீ குடிச்சிட்டு, ரெண்டு செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பினால் என்ன லாபம்? நம்ம பிள்ளைகளில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். திறமை இல்லாமல் இல்லை, கூச்சம்தான் காரணம்.

இது சிபாரிசு இல்லையா?

நெட்வொர்க்கிங் என்றாலே 'ஜால்ரா போடுறது', 'ஆள் பிடிக்கிறது' என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஆனால் விசைத்தறிக்குப் பேர்போன சங்கரன்கோவிலில் தொழில் நடப்பதே அறிமுகத்தில்தான். "அண்ணாச்சி, நம்ம பையன்தான், நல்லா வேலை பாப்பான்" என்ற ஒரு வார்த்தையில் தறியில் வேலை கிடைக்கிறது, நூல் கடனுக்கு வருகிறது. ஊருக்குள் இது சகஜம். ஆபீஸ் வேலை என்று வரும்போது மட்டும் ஏன் கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது?

சிபாரிசு என்பது தகுதி இல்லாதவரை உள்ளே தள்ளுவது. நெட்வொர்க்கிங் என்பது தகுதி இருப்பவர் அங்கே இருக்கிறார் என்று நாலு பேருக்குத் தெரியவைப்பது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், 'தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?' என்று கேட்டார். 'அடிக்கடி' என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்கள் 'எப்போதாவது' அல்லது 'அரிதாக' என்றார்கள்.

காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுத் தகவல் வெளிவட்டத்தில் இருந்துதான் வரும். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் அதிகமானோரை வைத்து நடந்து, 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: வேலை மாற அதிகம் உதவுவது நெருக்கமான உறவுகள் அல்ல, ஓரளவு மட்டுமே பழக்கமானவர்கள்தான்.

அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா பூ கட்டுகிறார் என்ற வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வருபவருக்கு, அந்த வெளிவட்டம் பிறப்பால் கிடைப்பதில்லை. நகரத்துப் பிள்ளைக்கு மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லிவிடுகிற தகவலை, இவர் தேடிப் போய்த்தான் வாங்க வேண்டும். அதனால் இந்த நிகழ்ச்சிகள் யாரைவிடவும் இவருக்குத்தான் அதிகம் தேவை.

போனால் என்ன செய்யலாம்?

போகும் முன்: பேச்சாளர் பட்டியலைப் பார்த்து மூன்று பேரை மட்டும் குறித்துக்கொள்ளலாம். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று படித்து, ஆளுக்கு ஒரு கேள்வி தயார் செய்தால் போதும்.

அங்கே: "சார், ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "உங்க டீம்ல புதுசா வர்றவங்க எதுல திணறுறாங்க?" என்று கேட்டால் பேச்சு வளரும். இங்கிலீஷ் தடுமாறினால் தமிழில் கேட்கலாம், தப்பே இல்லை. 'சங்கரன்கோவில்ல இருந்து வர்றேன்' என்பதைச் சேர்த்துச் சொன்னால் ஆளும் நினைவில் நிற்கும்.

வந்த பிறகு: பலர் கோட்டை விடுவது இங்கேதான். ரெண்டு நாளுக்குள், என்ன பேசினோம் என்பதை நினைவூட்டி நாலு வரி மெசேஜ் அனுப்ப வேண்டும். வெறும் 'ஹாய் சார்' வேண்டாம். வேலை தேவைப்படும்போது மட்டும் தலைகாட்டுவதும் வேண்டாம்.

பொறுப்பு இளைஞருக்கு மட்டுமா?

இல்லை. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-லேயே அலுவலகம் தொடங்கிவிட்டது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்குத் திருநெல்வேலியில் வட்டார மையம் இருக்கிறது. வேலை தென்மாவட்டத்துக்கு வர முடியும் என்றால், வேலை கொடுப்பவர்களைச் சந்திக்கும் கூட்டமும் வர முடியும். ஒரு கல்லூரி அரங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் ஊர்க்காரர்கள் ஆடித்தபசுக்கு எப்படியும் ஊருக்கு வருவார்கள். அந்த வாரத்தில் ஒரு மாலை ஜூனியர்களோடு உட்கார்ந்து பேசினால், ஒரு ராத்திரி ரயில் பயணம் மிச்சமாகும்.

அது நடக்கும் வரை பொதிகைதான் வழி. டிக்கெட் காசு வீணாகாமல் இருக்க, அந்த டீ கப்போடு நாலு அடி முன்னால் நடந்து, ஒருவரிடமாவது "வணக்கம்" சொல்லிவிட வேண்டும்.