‘கோலி ஓட்டை’

வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்குச் சொல்லிவிட்டு நின்றேன். டீ வருவதற்கு முன் தீர்ப்பு வந்துவிட்டது. “ஆறு கோலு வாங்கிட்டானுங்க சார். கோலி ஓட்டை. இன்னா பண்றது?” சொன்னவர் ஆட்டத்தைப் பார்த்தவர் இல்லை. பார்த்த யாரோ சொல்லக் கேட்டவர். ஆனாலும் குரலில் அத்தனை உறுதி. ஹாக்கியில் ஓர் அணி தோற்றால் காரணம் தேட நாம் மைதானத்துக்குப் போவதில்லை. கோல் கம்பத்துக்கு நேராகப் போகிறோம். அங்கே ஒருத்தன் நிற்கிறான், வசதியாக.

அந்த ஆட்டத்தை நான் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்கள் அணி. இந்தப் பருவத்தில் ஒரு வெற்றிகூடக் கிடையாது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோலும் எங்கிருந்து கிளம்பியது என்று குறித்தேன். வேறு வேலை இல்லாதவன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோல்: நம் சென்டர் ஹாஃப் சொந்த வட்டத்தின் வாசலில் குறுக்கே அடித்த பந்து நேராக எதிரணிப் பையனின் ஸ்டிக்கில் போய் உட்கார்ந்தது. இரண்டாவது: பெனால்டி கார்னர். முதலில் பாய்ந்து ஓட வேண்டிய பையன் ஓடவில்லை. முட்டிக்குக் கார்டு இல்லாமல், தன்னை நோக்கி வரும் பந்தின் முன்னால் ஓடு என்றால் யார் ஓடுவார்கள்? நானும் ஓடமாட்டேன். மூன்றாவது: கோலியின் கால் பேடுக்கும் பாதத்தில் மாட்டும் கிக்கருக்கும் இடையில் உருண்டு போனது. அது கோலியின் தவறு, சந்தேகமே இல்லை. நான்காவது: பின்வரிசை இருவரும் கோல் போடும் ஆசையில் முன்னே போய்விட, மூன்று பேருக்கு எதிரே இவன் ஒருவன். ஐந்தாவது: நம் பையனின் ஸ்டிக்கில் பட்டுத் திசை மாறியது. ஆறாவதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. முதல் அடியைக் காலால் தடுத்தான். திரும்பி வந்ததைப் படுத்துத் தடுத்தான். படுத்தவன் எழுவதற்குள் மூன்றாவது அடி. அதுவரை நம் தடுப்பாட்டக்காரர்கள் மூவர், திருவிழா பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆறில் ஒன்று அவன் கணக்கு. மிச்சம் ஐந்தும் அவனிடம் வந்து சேர்ந்தவை, அவ்வளவுதான். ஸ்கோர் பலகைக்கு இந்தக் கணக்கு தெரியாது. டீக்கடைக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

டீக்கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த நோய் தேசிய மட்டத்திலும் உண்டு. 1982 டிசம்பர் 1, டெல்லி ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி. பிரதமர் இந்திரா காந்தி பார்த்துக்கொண்டிருக்க, இந்தியா 1–7 என்று பாகிஸ்தானிடம் தோற்றது. எதிரே வந்தவர்கள் யார்? அதே ஆண்டு ஜனவரியில் பம்பாயில் உலகக் கோப்பையைத் தூக்கியவர்கள். ஹசன் சர்தாரும் கலீமுல்லாவும் சமியுல்லாவும் கொண்ட முன்வரிசை. ஏழு கோல் விழ வேண்டுமென்றால் நடுவரிசை, பின்வரிசை என்று எத்தனை கதவுகள் திறந்திருக்க வேண்டும்! ஆனால் நாட்டுக்கு ஒரே பெயர்தான் கிடைத்தது: கோலி மீர் ரஞ்சன் நேகி. தவறு செய்தார் என்பதோடு விடவில்லை. காசு வாங்கிவிட்டார், துரோகி என்றார்கள். எந்த ஆதாரமும் வரவில்லை. அவருடைய ஆட்ட வாழ்க்கை மட்டும் முடிந்துபோனது.

2007-இல் ‘சக் தே இந்தியா’ வந்தது. நேகியின் வாழ்க்கைக் கதையல்ல என்று அதை எழுதியவர் சொன்னாலும், நடிகைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்தவர் நேகி. பார்த்தவர்களும் அவர் கதையாகவே பார்த்தார்கள். அந்தப் படத்தில் பழி சுமக்கும் கதாநாயகன் கோலி இல்லை, கவனித்தீர்களா? பாகிஸ்தானுக்கு எதிராகப் பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தவறவிட்ட கேப்டன். கோல் போட முடியாதவனுக்காக அழ நாம் தயார். கோல் வாங்கியவனுக்காக அழுவது சினிமாவில்கூட நடக்கவில்லை.

1998 பாங்காக்கையும் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் தங்கம். இறுதியில் தென் கொரியாவோடு சமன். பெனால்டியில் அணியைக் கரை சேர்த்தவர் கோலி ஆஷிஷ் பல்லால். கோலிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அதே நேகி. ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் தன்ராஜ் பிள்ளை உட்படப் பல பேரை அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். பல்லாலும் அதில் ஒருவர். தோற்றால்தான் கோலியைத் தூக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். ஜெயித்தாலும் தூக்குவார்கள்.

சரி, இது பழைய கதை. இப்போது கோலி ஸ்ரீஜேஷைக் கொண்டாடவில்லையா என்பீர்கள். கொண்டாடுகிறோம். ‘சுவர்’ என்கிறோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5–4 என்று வென்றபோது, கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரை அவர் தடுத்ததைப் பார்த்து நானும் நாற்காலியிலிருந்து குதித்தேன். ஆனால் 2012 லண்டனை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா? ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி, 21 கோல், பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். அந்த அணியில் இரண்டு கோலிகள். ஒருவர் கேப்டன் பரத் செத்ரி. மற்றவர் இதே ஸ்ரீஜேஷ். சுவர் அன்றும் இருந்தது. முன்னால் வீடு இல்லை.

பாரிஸில் இதன் மறுபக்கம். 2024 ஆகஸ்ட் 4, பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் 17-ஆவது நிமிடமே அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச நாற்பது சொச்ச நிமிடமும் பத்துப் பேர். ஆட்டம் 1–1 என்று நின்றது, ஷூட் அவுட்டில் 4–2 வெற்றி. மறுநாள் எல்லாத் தலைப்பிலும் ஸ்ரீஜேஷ் ஒருவரே. அந்த நாற்பது நிமிடம் இரண்டாள் வேலையை ஒருத்தராகப் பார்த்து, வட்டத்துக்குள் பந்து வராமல் நெஞ்சடைக்க ஓடியவர்களை யார் பேசினார்கள்? மாலை போட்டாலும் செருப்பை எறிந்தாலும் நமக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும்.

ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றதும் எல்லாரும் ஒரே பாட்டு: கோல் திறந்து கிடக்கிறது. 2025 ஜூனில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த புரோ லீக் ஆட்டங்களில் இந்தியா தொடர்ந்து ஏழு தோற்றது. எட்டு ஆட்டங்களில் 26 கோல் வாங்கியது. போச்சு, கோலி இல்லை என்றார்கள். அந்த ஏழு தோல்வியில் ஆறு, ஒரே கோல் வித்தியாசத்தில் வந்தவை. முன்வரிசை கூடுதலாக ஒரு கோல் போட்டிருந்தால் அத்தனையும் சமன். மூன்று மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 7, ராஜ்கிர், ஆசியக் கோப்பை இறுதி: தென் கொரியாவை 4–1 என்று வென்று இந்தியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கோலிகள்? அதே கிருஷன் பாதக், அதே சூரஜ் கர்க்கேரா. ஜூனில் ஓட்டையாக இருந்தவர்கள் செப்டம்பரில் எப்படி அடைபட்டார்கள்? யாரும் விளக்கம் சொல்லவில்லை.

இது புதுப் பழக்கமும் அல்ல. 1932-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 24–1 என்று அடித்தோம். அந்த ஒற்றைக் கோல் எப்படி விழுந்தது என்பதற்கு ஒரு கதை உலவுகிறது: கோலி ரிச்சர்ட் ஆலன் கம்பத்துக்குப் பின்னால் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். நடந்ததோ என்னவோ. இதே ஆலன்தான் 1928 ஆம்ஸ்டர்டாமில் ஒரு கோல்கூட விடாமல் தங்கம் வாங்கிக்கொடுத்தவர். அது பேச்சில் நிற்கவில்லை, கையெழுத்து நின்றுவிட்டது.

கோலியின் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசியுங்கள். கம்பங்களுக்கு நடுவே 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். வட்டத்தின் விளிம்பிலிருந்து 14.63 மீட்டர் தூரம். நல்ல டிராக் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். பந்து வந்து சேர ஏறத்தாழ அரை நொடி. இதெல்லாம் நீலப் புல்தரையில். எங்கள் பக்கத்துச் சரளை மண்ணில் பந்து எப்போது குதிக்கும், எப்போது பதுங்கும் என்று பந்துக்கே தெரியாது. 2009-இல் புனே முகாமில் இந்தியக் கோலி பல்ஜித் சிங், பயிற்சிக்கு அடித்த கோல்ஃப் பந்து கண்ணில் பட்டு அந்தக் கண்ணின் பார்வையை இழந்தார். இந்திய அணியின் முகாமிலேயே இந்த லட்சணம் என்றால் கிராமத்துப் பள்ளியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பேச இருக்கிறது. தோல்விக்குக் கோலிதான் காரணம் என்ற நம்பிக்கையின் வேர் இங்கேதான். பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். கி.பி. 921 வாக்கில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஏரி வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டும் நிலம் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. (அந்தச் சபையில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பது வேறு சண்டை, இன்னொரு நாள் போடலாம்.) ஏரியைக் காக்க இத்தனை தகுதி கேட்ட மண்ணில் கோலைக் காக்க நாம் கேட்பது ஒன்றே ஒன்று: ஓட வராதவனாக இருக்க வேண்டும். நான் படித்த காலத்திலும் இதுதான் வழக்கம். வேகமானவன் ஃபார்வர்டு, முரடன் பேக்கு, குண்டாக இருக்கிறவனோ கடைசியில் மிச்சம் விழுந்தவனோ கோலி. “நீ சும்மா நில்லுடா, போதும்” என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் மொத்தப் பயிற்சி.

அன்று ஆட்டம் தொடங்குமுன் அந்தப் பையன் பேடு கட்டுவதைப் பார்த்தேன். பழைய செட். ஸ்பாஞ்சு வெளியே வந்து, போன மழையின் வாசம் இன்னும் போகாமல் இருந்தது. இடது காலின் வார் அறுந்ததால் பாவாடை நாடாவைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டான். ஹெல்மெட் பெரிது, உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டான். நல்ல செட் வாங்க இருபதாயிரத்துக்கு மேல் ஆகும், உயர்ந்த ரகம் லட்சத்தைத் தொடும். பதினோரு ஸ்டிக் வாங்கவே படாதபாடு படும் பள்ளியில் கோலிக்கு யார் எடுத்து வைப்பார்கள்? ஸ்ரீஜேஷுக்கு அவருடைய அப்பா பசுவை விற்று வாங்கிக்கொடுத்தார். நாம் அதைக் கேட்டு உருகுகிறோம். ஒரு பையன் கோல் காக்க ஒரு வீடு மாட்டை இழக்க வேண்டியிருக்கிறதே என்று யாருக்கும் கோபம் வரவில்லை.

மூன்றாவது கோலுக்கு வருகிறேன், மறைக்கவில்லை. கோலிகள் தவறு செய்வார்கள். மோசமான கோலியால் தோற்ற ஆட்டங்களும் உண்டு. ஆனால் அந்த மூன்றாவது கோலுக்குள் இறங்கிப் பாருங்கள்: பேடுக்கும் கிக்கருக்கும் நடுவே இடைவெளி விழுந்தது நாடா நழுவியதால். குனிந்து அதை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பந்து வந்தது. அவன் கணக்கில் நான் எழுதிய ஒரே கோலையும் முழுசாக அவன் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

பெரிய இடத்திலும் இதே கஞ்சத்தனம்தான். 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக் இறுதி கண்ட கோலி சங்கர் லக்ஷ்மண் 2006-இல் மோவ் நகரில் காலில் புண் அழுகி இறந்தார், கவனிப்பாரில்லாமல். 1972 மியூனிக் வெண்கலத்தில் பங்குள்ள கண்ணூர்க்காரர் கோலி மானுவல் ஃபிரெடெரிக்குக்குத் தயான் சந்த் விருது 2019-இல் வந்தது. நாற்பத்தேழு ஆண்டு. கோல் வாங்கியதற்கான பழி மட்டும் அன்று சாயங்காலமே வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் வேனுக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் குழாயடியில் பேடில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் போய், “எத்தனை தடுத்தே, தெரியுமா?” என்றேன். தலையை ஆட்டினான். “ஆறு வுட்டேன் சார்.”

“அத கேக்கல. தடுத்தது?”

அதை யாரும் எண்ணுவார்கள் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. “பதினேழு” என்றேன். நம்பாமல் பார்த்தான். நோட்டைக் கொடுத்தேன். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நான் போட்டிருந்த கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினான். பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து எண்ணினான்.

“பதினாறுதான் சார்” என்று நோட்டை நீட்டினான். “இது கம்பத்துல பட்டு வெளிய போச்சு. நான் தடுக்கல.”