குட்டையைக் குழப்புவது யார்?

ஸ்பானிய மொழியில் ஒரு பழமொழி உண்டு. "ஆ ரீயோ ரெவுவெல்தோ, கனான்சியா தே பெஸ்கதோரேஸ்" என்பார்கள். ஆறு கலங்கினால் மீனவருக்கு ஆதாயம் என்பது அதன் பொருள். குழப்பம் நேரும் இடத்தில் லாபம் காண்பவர் ஒருவர் இருப்பார் என்று சுட்டிக்காட்ட ஸ்பெயினிலும், லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் இதைக் கையாள்கிறார்கள். "குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது" என்று இதையே நாமும் சொல்கிறோம். எதிர்க்கட்சியைச் சாட இந்தச் சொற்றொடரைப் பயன்படுத்தாத அரசியல் தலைவர் நம் நாட்டில் இல்லை எனலாம்.

இரண்டு பழமொழிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. மழை வெள்ளத்தில் ஆறு தானாகவே கலங்கும். மீனவரைக் குறை சொல்ல முடியாது. குட்டை அப்படித் தானாகக் குழம்புவதில்லை. யாராவது இறங்கிக் கலக்கியாக வேண்டும். எனவே, இந்தப் பழமொழியை அரசியலுக்குப் பொருத்தும்போது லாபம் அடைந்தவர் யார் என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. குழப்பியவர் யார், அதற்கு இடம் கொடுத்த சட்டம் எது என்றும் கேட்க வேண்டும். கட்சித் தாவலின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

1967-ல் ஹரியாணாவில் கயா லால் என்ற சட்டப்பேரவை உறுப்பினர் இரண்டு வாரங்களுக்குள் மூன்று முறை அணி மாறினார். "ஆயா ராம், கயா ராம்" என்ற சொல்வழக்கு அப்போது பிறந்ததுதான். இதற்கு முடிவு கட்டுவதாகச் சொல்லி 1985-ல் ராஜீவ் காந்தி அரசு 52-வது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஆனால், மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது கட்சித் தாவல் ஆகாது, "பிளவு" என்று அந்தச் சட்டமே விலக்கும் அளித்தது. தனி ஒருவர் தாவினால் குற்றம். கூட்டமாகத் தாவினால் குற்றமில்லை! சில்லறை வணிகம் தடுக்கப்பட்டு, மொத்த வணிகம் அனுமதிக்கப்பட்டது.

இதன் பலனை 1997-ல் உத்தரப் பிரதேசம் கண்டது. காங்கிரஸிலிருந்தும் பகுஜன் சமாஜ் கட்சியிலிருந்தும் பிரிந்து வந்தவர்களைக் கொண்டு கல்யாண் சிங் தமது அரசைக் காப்பாற்றிக் கொண்டார். அவரது அமைச்சரவையில் 93 பேர் இடம்பெற்றார்கள். பின்னர் 2003-ல் 91-வது திருத்தம் பிளவுக்கான விலக்கை நீக்கியது. பேரவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது என்றும் வரம்பு கட்டியது. ஆயினும், மூன்றில் இரண்டு பங்கினர் உடன்பட்டால் "இணைப்பு" என்ற வழி அப்படியே விடப்பட்டது. பிளவு, இணைப்பு ஆகிய இரண்டு விலக்குகளையும் நீக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-லேயே பரிந்துரைத்திருந்தது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

ஒரு வழியை அடைத்ததும் வேறு வழி கண்டுபிடிக்கப்பட்டது. கர்நாடகத்தில் 2019-ல் ஆளும் கூட்டணியின் உறுப்பினர்கள் வரிசையாகப் பதவி விலக, குமாரசாமி அரசு கவிழ்ந்தது. 17 பேரைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். அதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், அவர்கள் இடைத்தேர்தலில் போட்டியிடத் தடையில்லை என்றும் கூறியது. அந்த டிசம்பரில் 15 தொகுதிகளில் நடந்த இடைத்தேர்தலில் பாரதிய ஜனதா 12 இடங்களில் வென்றது. இவ்வாறு மீண்டும் வென்றவர்களில் 10 பேர் 2020 பிப்ரவரியில் அமைச்சர்கள் ஆனார்கள். அடுத்த மாதமே மத்தியப் பிரதேசத்தில் 22 காங்கிரஸ் உறுப்பினர்கள் பதவி விலக, கமல்நாத் அரசும் வீழ்ந்தது.

காலதாமதம் இன்னொரு கருவி. உத்தரப் பிரதேசத்தில் 2003-ல் அணி மாறிய பகுஜன் சமாஜ் உறுப்பினர்கள் 13 பேரின் பதவி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2007 பிப்ரவரியில். அடுத்த பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. மகாராஷ்டிரத்தில் 2022 ஜூனில் சிவசேனை உடைந்தது. தகுதிநீக்க மனுக்கள் மீது பேரவைத் தலைவர் முடிவு சொன்னது 2024 ஜனவரியில். மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று மணிப்பூர் வழக்கில் 2020-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. தெலங்கானாவில் காங்கிரஸ் பக்கம் சாய்ந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட பாரத ராஷ்டிர சமிதி உறுப்பினர்கள் 10 பேர் விஷயத்திலும் 2025 ஜூலையில் அதே மூன்று மாதக் கெடுவை விதிக்க நேர்ந்தது. ஆட்சியில் இருக்கும் கட்சி எதுவானாலும் தாமதம் ஒன்றுதான்.

இதனால் கூட்டணி ஆட்சியே குழப்பம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை தராத தீர்ப்பும் மக்கள் தீர்ப்பே. அது மழையில் கலங்கும் ஆறு. தேர்தலுக்குப்பின் கட்சிகள் வெளிப்படையாகப் பேசி உடன்பாடு காண்பதில் தவறில்லை. வாக்குப் பெற்ற சின்னத்தை விட்டு, வாக்களித்தவரைக் கேளாமல், சொகுசு விடுதிகளில் அடைபட்டிருந்து அணி மாறுவதுதான் குட்டையைக் குழப்பும் செயல்.

மனசாட்சிப்படி மாறுபடும் உறுப்பினரின் உரிமை என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொறடாவின் கட்டளையை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதிநிலை அறிக்கைக்கும் மட்டும் என்று வரையறுத்தால், மற்ற விஷயங்களில் உறுப்பினர்கள் சுதந்திரமாக வாக்களிக்க முடியும். அதே சமயம், தாவியவர்கள் அந்தப் பேரவையின் காலம் முடியும்வரை எந்த அரசுப் பதவியும் வகிக்கக் கூடாது என்று சட்டம் செய்ய வேண்டும். மனசாட்சிக்காக மாறுபவருக்கு இது இழப்பாகாது. அமைச்சர் பதவிக்காக மாறுபவர்தான் அஞ்சுவார்.

தகுதிநீக்கம் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம், ஆளுங்கட்சியின் ஆதரவால் அமர்ந்திருக்கும் பேரவைத் தலைவரிடம் இருக்கலாகாது. தேர்தல் ஆணையத்தின் கருத்துப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முடிவு செய்யலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-ல் கூறியது. தனித் தீர்ப்பாயம் பற்றி நாடாளுமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை. எதிர்க்கட்சியாக இருக்கையில் இவற்றை வரவேற்கும் கட்சிகள், ஆட்சிக்கு வந்ததும் மறந்துவிடுகின்றன. இன்று வலையை இழந்தவர் நாளை வலை வீசக் காத்திருக்கிறார் என்பதே இதற்குக் காரணம்.

ஆகவே, குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறார்கள் என்று ஒரு தலைவர் மற்றொருவரைச் சாடும்போது, வாக்காளர் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உங்கள் கட்சி ஆட்சியில் இருந்தபோது இந்தக் குட்டைக்குக் கரை கட்ட என்ன செய்தீர்கள்?